கல்லில் மீன் கண்ட அகாசி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழ் மக்கள் அன்றாடம் வழங்கும் பழமொழி. சோறு வெந்ததா இல்லையா என்று அறியப் பானை முழுவதையும் உண்டு பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாலே போதும். அதுபோலவே, ஒற்றைப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பல்லையுடைய மீன் எவ்வினத்தது, எவ்வகை இரையை உண்டது, எக்காலத்தில் நீரில் திரிந்தது என்றெல்லாம் எடுத்துரைக்க வல்ல அறிஞர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். மண்ணுலகை விட்டு மறைந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்ட மீன்களுக்குப் பெயரும் இடமும் வகுத்தளித்த அப்பெரியார் லூயி அகாசி ஆவார். அவர்தம் வாழ்க்கை முயற்சியின் பெருமையைக் காட்டுவது. அதனோடு, அறிவுடையோரும் வழுக்கி விழும் இடம் எது என்பதையும் காட்டுவது.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்து மலைவளமும் ஏரிவளமும் ஒருங்கே வாய்ந்த நாடு. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் மூர்ட்டன் என்னும் ஏரி ஒன்று உண்டு. அதன் கரையில் மோட்டியே என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூர்த் திருச்சபையின் போதகராய் விளங்கியவர் ரொடோல்ப் அகாசி. அவர்தம் மனைவியார் ரோஸ் அம்மையார், மருத்துவர் ஒருவரின் மகளார். அவ்வம்மையார் ஈன்ற முதல் நான்கு குழந்தைகளும் பச்சிளம் பருவத்திலேயே இறந்துபட்டன. அதன்பின் 1807ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் பிறந்த ஆண்மகவே லூயி.

முன்னைய மக்களை இழந்து வருந்திய அன்னையார், இம்மகவைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வளர்த்தார். சிறுவனுக்கு விலங்குகளிடத்தும் செடிகொடிகளிடத்தும் இயல்பாகவே பெருவிருப்பம் இருந்தது. அதனை வீண் விளையாட்டென்று கடிந்து தள்ளாமல், அறிவின் முளை என்று முதன்முதல் உணர்ந்தவர் அவ்வன்னையாரே ஆவர். வீட்டின் பின்புறத்தில் பெரியதொரு கற்றொட்டி இருந்தது. ஊற்றுநீர் அதனுள் இடையறாது வந்து விழும். லூயி தான் ஏரியில் பிடித்த மீன்களை உயிருடன் கொணர்ந்து அத்தொட்டியில் விட்டு, அவை நீந்துவதையும் இரை கொள்வதையும் பொழுது போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பான். தூண்டிலும் வலையும் இன்றி, கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் மீனைக் கையாலேயே பிடிக்கும் திறமும் அவனுக்கு இருந்தது. தம்பி அகஸ்தேயும் அவனுக்கு உற்ற துணையாய் இருந்தான்.

கல்வி

பத்து வயது நிரம்பியதும் லூயி பியேன் நகரத்துப் பள்ளியில் சேர்க்கப்பெற்றான். விடுமுறை வந்தால் சகோதரர் இருவரும் நெடுவழி நடந்தே ஊர் திரும்புவர். பெற்றோர் செல்வர் அல்லர். ஆகையால், பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் மகனை வணிகத்தில் ஈடுபடுத்த எண்ணினர். லூயியோ, மேலும் இரண்டாண்டுகள் கல்வி பயில இசைவு தருமாறு வேண்டிநின்றான். ஆசிரியர்களும் அவனுக்காகப் பரிந்து பேசினர். அதனால் அவன் லோசான் நகரத்துக் கல்லூரிக்கு அனுப்பப்பெற்றான். பின்னர், தாய்வழி மாமனாகிய மருத்துவர் ஒருவரின் அறிவுரைப்படி மருத்துவம் பயிலத் தொடங்கினான்.

சூரிச்சு, ஐடெல்பர்க்கு, மியூனிக்கு ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் அகாசி அடுத்தடுத்துக் கல்வி பயின்றார். நூல்களை விலை கொடுத்து வாங்கக் கையில் பொருள் இல்லை. அதனால் பெருநூல்களைத் தமையனும் தம்பியும் தம் கையாலேயே படியெடுத்துக்கொண்டனர். இவ்வாறு ஒவ்வொரு வரியாக எழுதிப் படித்தவை நெஞ்சில் ஆழப் பதிந்தன. ஐடெல்பர்க்கில் அலெக்சாண்டர் பிரவுன், கார்ல் சிம்பர் என்னும் இருவர் அவருக்கு நண்பராயினர். மூவரும் மியூனிக்கிலும் ஒருங்கே தங்கி, ஒருவர் கற்றதை மற்றவர்க்கு உரைத்து, ஒருவர்க்கொருவர் ஆசிரியரும் மாணவரும் ஆயினர்.

மியூனிக்கில் அகாசிக்கு எதிர்பாராத நல்வாய்ப்பு ஒன்று கிட்டியது. சிபிக்சு, மார்த்தியசு என்னும் அறிஞர் இருவர் 1817 முதல் 1820 வரை பிரேசில் நாட்டில் பயணம் செய்து, அங்குள்ள ஆற்று மீன்கள் பலவற்றைத் திரட்டி வந்திருந்தனர். அவற்றை ஆராய்ந்து நூல் எழுதும் முன்னரே 1826ஆம் ஆண்டில் சிபிக்சு காலமானார். எஞ்சிய பணியை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆராய்ந்த மார்த்தியசு, இருபது வயதினரான மாணவர் அகாசியைத் தேர்ந்தெடுத்தார். அகாசி தம் மருத்துவப் பாடங்களையும் விடாமல் பயின்றுகொண்டே, இந்த ஆராய்ச்சியையும் மேற்கொண்டார். இலத்தீன் மொழியில் அமைந்த அந்நூல் 1829ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அவ்வாண்டிலேயே மெய்யியல் அறிஞர் பட்டமும், மறு ஆண்டில் மருத்துவப் பட்டமும் அவரை வந்தடைந்தன. ஆயினும் நோயாளரின் நாடியைப் பார்ப்பதினும் மீனின் செதிளைப் பார்ப்பதிலேயே அவர் உள்ளம் சென்றது.

பாரிசு நகரில்

நீரில் இறந்த மீன் சேற்றில் புதையுண்டு, அச்சேறு பல்லூழிக் காலம் இறுகிக் கல்லாகும்போது, மீனின் எலும்பும் பல்லும் செதிளும் தாமும் கல்லின் தன்மையை அடைந்து அதனுள் பதிந்து நின்றுவிடும். இவற்றைப் புதைபடிவங்கள் என்பர். ஐரோப்பிய நாடுகளின் கல்லுடைப்பு இடங்களிலும் சுரங்கங்களிலும் இத்தகைய கல்மீன்கள் நெடுங்காலமாகவே கிடைத்துவந்தன. ஆனால், அவற்றை ஒழுங்குபெற ஆராய்ந்தவர் மிகச் சிலரே. அப்பணியைத் தம் வாழ்நாட்பணியாகக் கொள்ளத் துணிந்த அகாசி, 1831ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசு நகரை அடைந்தார்.

அந்நாளில் விலங்குகளின் உடற்கூற்றறிவில் ஒப்பாரும் மிக்காரும் இன்றி விளங்கியவர் கூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர். அவரும் கல்மீன்களைப் பற்றி நூல் எழுதக் கருதி, பல ஆண்டுகளாகக் குறிப்புகளும் ஓவியங்களும் திரட்டி வைத்திருந்தார். இளைஞர் அகாசியின் ஆராய்ச்சியைச் சில காலம் உடனிருந்து நோக்கிய கூவியே, தாம் திரட்டிய அனைத்தையும் அவர் கையில் ஒப்படைத்துவிட்டார். தம்மினும் இளையவர் ஒருவர் அப்பணிக்கு உரியவர் என்று கண்டபோது, தம் உழைப்பின் பயனை மனமுவந்து ஈந்த அப்பெருந்தன்மை போற்றுதற்கு உரியது. சில திங்களுக்குள், 1832ஆம் ஆண்டு மே மாதத்தில் கூவியே மறைந்தார்.

அகாசியின் நிலையோ இரங்கத்தக்கதாய் இருந்தது. கையில் வந்த சிறு பொருளில் பெரும்பகுதியை அவர் தம் ஓவியர் தின்கல் என்பவருக்கு ஊதியமாக அளித்துவந்தார். ஓவியரின்றி நூல் இல்லை. பொருளின்றி ஓவியர் இல்லை. இனி ஊருக்குத் திரும்புவதே வழி என்று அவர் மனம் தளர்ந்த வேளையில், உலகப் புகழ்பெற்ற அறிஞராகிய அம்போல்ட்டு அவர்தம் வறுமையைக் குறிப்பாலறிந்து, 1000 பிராங்கு அனுப்பி உதவினார். காலத்தினால் செய்யப்பெற்ற அவ்வுதவி அகாசியின் ஆராய்ச்சிக்கு உயிர் தந்தது.

அகாசி தம் பணியில் எத்துணை ஆழ்ந்திருந்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். கல் ஒன்றில் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் கிடந்த மீனின் உருவம் எத்தகையது என்று பல நாள் எண்ணியும் அவருக்கு விளங்கவில்லை. ஓரிரவு அம்மீன் முழு உருவுடன் கனவில் தோன்றியது. விழித்ததும் உருவம் மறைந்தது. மறுநாள் இரவும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் நாள் அவர் தாளும் எழுதுகோலும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கினார். மீண்டும் மீன் தோன்ற, இருளிலேயே அதன் உருவை வரைந்துவைத்தார். விடிந்ததும் அருங்காட்சியகத்திற்கு விரைந்து, அப்படத்தைத் துணைகொண்டு உளியால் கல்லைச் செதுக்கினார். மேலடுக்கு பெயர்ந்து விழுந்தது. கனவில் கண்டவாறே மீன் கல்லில் விளங்கியது. பகலெல்லாம் உழைத்த உள்ளத்திற்கே இரவிலும் இத்தகைய துணை வாய்க்கும்.

பல்லே சான்று

1832ஆம் ஆண்டில் நியூஷாடெல் நகரத்தில் அகாசி இயற்கை நூற் பேராசிரியரானார். நண்பர் பிரவுனின் தங்கையாகிய செசில் அம்மையாரை மணந்துகொண்டார். ஓவியக் கலையில் வல்லவராகிய அவ்வம்மையார் கணவரின் நூல்களுக்குப் படங்களும் வரைந்து உதவினார். கல்மீன்களைப் பற்றிய பெருநூல் 1833 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பகுதி பகுதியாக வெளிவந்து, ஐந்து தொகுதிகளாக நிறைவுற்றது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட மீன் வகைகள் அந்நூலில் விளக்கம் பெற்றன.

அவற்றுள் சுறாக்களைப் பற்றிய பகுதியே மிகக் கடினமானது. ஏனைய மீன்களுக்கு எலும்புக்கூடு உண்டு. சுறாவுக்கோ உடல் முழுவதும் குருத்தெலும்பே. அது விரைவில் அழுகி மறைந்துவிடும். வலிய பற்களும், சில இனங்களில் முட்களுமே எஞ்சிக் கல்லாகி நிற்கும். சுறாவின் வாயில் பற்கள் விழ விழப் புதியன முளைத்துக்கொண்டே இருத்தலால், ஒரு சுறா தன் வாழ்நாளில் மிகப்பல பற்களை உதிர்க்கிறது. ஆகவே சுறாவின் வரலாறு பெரும்பாலும் பற்களிலேயே எழுதப்பட்டுள்ளது எனலாம்.

அப்பற்களைக் கற்கும் வழியை வகுத்தவர் அகாசி. பல்லின் புறவடிவை மட்டும் நோக்கி அவர் அமையவில்லை. பல்லை மெல்லிய தகடாக அறுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன் உள்ளமைப்பையும் ஆராய்ந்தார். கூரிய பல் இரையைக் கிழிப்பது. தட்டைப் பல் சிப்பியையும் நத்தையையும் நொறுக்குவது என்று பல்லுக்கும் தொழிலுக்கும் உள்ள இயைபைத் தெளிந்தார். புடைத்த பல்லையுடைய ஒன்றுக்கு ஐபோடசு என்று பெயரிட்டார். கூனற்பல் என்பது அச்சொல்லின் பொருள்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து அவர் கைக்கு வந்தவற்றுள் விந்தையான பல் ஒன்று இருந்தது. அதன் அடி ஒன்றாயும், நுனி இரு கூர்முனைகளாய்ப் பிரிந்தும், அவற்றின் நடுவே சிறுமுனை ஒன்று கொண்டும் விளங்கியது. அகாசி அதற்கு இரட்டைப்பல் எனப் பொருள்படும் திப்ளோடசு என்ற பெயரை இட்டார். அத்தகைய இடங்களிலிருந்தே நீண்டு நேராய் அமைந்த முள் ஒன்றும் கிடைத்தது. அதற்கு நேர்முள் எனப் பொருள்படும் ஆர்த்தகாந்தசு என்ற பெயரைச் சூட்டினார். பல் ஒரு மீனுடையது, முள் வேறொரு மீனுடையது என்பது அவர் கருத்து. பின்வந்த ஆராய்ச்சியாளர் செருமனி, பொகீமியா முதலிய நாடுகளில் அவ்வினத்தின் முழு உடற்படிவங்களைக் கண்டெடுத்தபோதுதான் உண்மை புலனாயிற்று. இரட்டைப்பல்லும் நேர்முள்ளும் ஒரே இன மீனின் உறுப்புகளே ஆகும்.

அம்மீன் ஒருவகைச் சுறா. சுறா என்றவுடன் கடலே நம் நினைவிற்கு வரும். இச்சுறாவோ பெரும்பாலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் சதுப்பு நீரிலும் வாழ்ந்தது. இற்றைக்கு ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பிற்காலத்தில் நிலக்கரியாக மாறிய பெருங்காடுகளின் ஊடே தேங்கிநின்ற நன்னீரில் அது திரிந்தது. விலாங்கு போன்று நீண்ட உடலும், தலையின் பின்புறத்தில் எழுந்துநின்ற முள்ளும், முதுகு நெடுக ஓடிய துடுப்பும் அதற்கு உண்டு. அவ்வினத்துப் பெரிய மீன் பத்தடி அளவு நீண்டிருந்தது. ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வினம் அடியோடு அழிந்தது. நம் இந்திய நாட்டிலும் அச்சுறாக்கள் வாழ்ந்தன. தெலங்கானா மாநிலத்தின் மாலேரி என்னும் ஊரையடுத்த செந்நிறப் படிவுகளில் அவற்றின் எச்சங்கள் கிடைத்துள்ளமையை 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று விளக்கியது.

இங்கிலாந்துப் பயணம்

1834ஆம் ஆண்டில் அகாசி இங்கிலாந்து சென்றார். அந்நாட்டுச் செல்வர் பலர் தாம் திரட்டி வைத்திருந்த கல்மீன்களையெல்லாம் அவருக்குத் திறந்து காட்டினர். நாடெங்குமிருந்து வந்த ஏறத்தாழ 2000 படிவங்கள் இலண்டன் மாநகரில் நிலவியற் கழகத்தின் அறை ஒன்றில் ஒருங்கே வைக்கப்பெற்றன. ஓவியர் தின்கல் அங்கிருந்து அவற்றைப் படமாக வரைந்தார். அக்கழகம் 1836ஆம் ஆண்டில் அகாசிக்கு உல்லாசுடன் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

கடற்கரை ஊராகிய லைம் ரீஜிசில் மேரி ஆனிங்கு என்னும் எளிய குடிப்பிறந்த பெண்மணி வாழ்ந்துவந்தார். பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாத அவர், பாறைகளில் படிவங்களைத் தேடி எடுத்து விற்று வாழ்க்கை நடத்தினார். படிவங்களைப் பற்றிய அவரது அறிவு கற்றோரும் வியக்கத்தக்கதாய் இருந்தது. அவருடைய உழைப்பால் பயன்பெற்ற அறிஞர் பலர் தம் நூல்களில் அவர் பெயரைக் குறிக்கவும் மறந்தனர். அகாசியோ அவரிடமும், அவர்தம் தோழி எலிசபெத்து பில்பாட்டு அம்மையாரிடமும் கேட்டறிந்தவற்றை நன்றியுடன் ஏற்று, பழைய சுறா ஒன்றுக்கு ஆனிங்கின் பெயரையே இட்டார்.

பனியாற்றின் மேல்

அகாசியின் ஆராய்ச்சி மீனோடு நின்றுவிடவில்லை. ஆல்ப்சு மலையின் பனியாறுகள் முற்காலத்தில் இன்றினும் நெடுந்தொலைவு பரவியிருந்தன என்று வெனட்சு, சார்பென்டியே என்னும் இருவர் கூறிவந்தனர். அகாசி முதலில் அதனை நம்பவில்லை. 1836ஆம் ஆண்டில் சார்பென்டியேயுடன் தங்கி, பாறைகளில் பனி இழைத்த கீறல்களையும், தொலைவிலிருந்து கொணர்ந்து போட்ட பெருங்கற்களையும் நேரிற் கண்டபின் மனம் மாறினார். மறு ஆண்டில், வடபகுதி முழுவதையும் ஒருகாலத்தில் பனி மூடியிருந்தது என்று கற்றோர் அவையில் துணிந்து உரைத்தார். ஆர் என்னும் பனியாற்றின்மேல் ஒரு பெரும்பாறையின் அடியிலேயே குடில் அமைத்துத் தங்கினார். பனியின் உட்புறத்தைக் காணக் கயிற்றில் கட்டுண்டு நூறடிக்கு மேல் ஆழமுள்ள பிளவினுள் இறங்கி, அடியிலிருந்த குளிர்நீரில் மூழ்கி, அரிதின் உயிர் தப்பினார்.

1840ஆம் ஆண்டில் பனியாறுகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பனியூழி என்னும் கருத்து உலகெங்கும் பரவியது அவராலேயே. எனினும், வழிகாட்டிய சார்பென்டியேயின் நூலுக்கு முன்னதாகத் தம் நூலை அவர் வெளியிட்டதும், நண்பர் சிம்பருக்கு உரிய பங்கினைப் போதிய அளவு குறிப்பிடாததும் நட்பில் விரிசலை உண்டாக்கின. நூல்களை அச்சிட அவர் நிறுவிய கல்லச்சுக்கூடம் பெருங்கடனை விளைவித்தது. இல்லறமும் அமைதி இழந்தது. செசில் அம்மையார் 1845ஆம் ஆண்டில் தம் பிறந்தகம் சென்றார். மூன்றாண்டுகளுக்குப் பின் அங்கேயே உயிர் நீத்தார். ஆராய்ச்சியில் முற்றும் மூழ்கியவர், தம் அருகிலிருந்தோர் துயரைக் காணத் தவறினார் என்பது வருந்தத்தக்கது.

அமெரிக்காவில் ஆசிரியப்பணி

1846ஆம் ஆண்டில், பிரஷ்ய மன்னர் அளித்த பொருளுதவியுடன் அகாசி அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்க மக்கள் பெருந்திரளாகக் கூடினர். பேசிக்கொண்டே கரும்பலகையில் சில கோடுகளால் மீனையும் நண்டையும் உயிர்பெற வரைந்து காட்டும் ஆற்றல் அவருக்கு உண்டு. விரைவில் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1850ஆம் ஆண்டில் எலிசபெத்து கேரி அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் பிற்காலத்தில் பெண்கல்விக்காக எழுந்த ராட்கிளிப்புக் கல்லூரியின் முதல் தலைவராய் விளங்கியவர்.

அகாசியின் கற்பிக்கும் முறை புதுமையானது. புதிதாய் வந்த மாணவர் கையில் அவர் நூலைத் தரமாட்டார். தட்டில் ஒரு மீனை வைத்துத் தருவார். அதனைப் பார்க்குமாறு சொல்லிவிட்டுச் சென்றுவிடுவார். சிறிது நேரம் பார்த்ததும் எல்லாம் கண்டாயிற்று என்று மாணவர் எண்ணுவர். ஆசிரியரோ திரும்பி வந்து கேட்டபின், இன்னும் காணவில்லை, மீண்டும் பார் என்பார். இவ்வாறு நாட்கள் கழியும். பார்த்த மீனிலேயே காணாதன பல உண்டு என்பதை மாணவர் தாமே உணர்வர். அம்மாணவர் பலர் பிற்காலத்தில் பேரறிஞராயினர். 1859ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் ஒப்பியல் விலங்கியல் அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. பிரான்சு நாட்டுப் பேரரசர் பாரிசு நகரில் உயர்ந்த பதவி தர முன்வந்தபோதும், அவர் தம் மாணவரையும் பணியையும் விட்டுச் செல்ல உடன்படவில்லை.

பிழைகளும் படிப்பினையும்

பெரியோரின் வரலாற்றில் நிறையைக் கூறிக் குறையை மறைத்தல் முறையன்று. 1859ஆம் ஆண்டில் டார்வின், உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் காலப்போக்கில் மாறித் தோன்றின என்று விளக்கினார். ஒவ்வோர் இனமும் தனித்தனியே படைக்கப்பட்டது என்று கொண்டிருந்த அகாசி, இறுதிவரை அதனை ஏற்கவில்லை. கல்மீன்கள் காலவரிசையில் மாறிவந்த முறையை உலகிற்குக் காட்டியவர் அவரே. அவர் காட்டிய சான்றுகளே டார்வின் கொள்கைக்கு வலுவூட்டின. அவர்தம் மாணவரும் அக்கொள்கையைத் தழுவினர்.

இதனினும் கொடிய பிழை மற்றொன்று. மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை என்றும், கருநிற மக்கள் வெண்ணிற மக்களுக்குத் தாழ்ந்தோர் என்றும் அவர் எழுதினார். 1850ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் சிலரை, ஆடை களைந்து நிறுத்தி, தம் கொள்கைக்குச் சான்றாக ஒளிப்படம் எடுப்பித்தார். மறுத்துரைக்கும் உரிமையும் அற்றவர் அம்மக்கள். அடிமை வாணிகத்தால் பிழைத்தோர் அவர் எழுத்தைத் தமக்கு அரணாகக் கொண்டனர். மனிதர் அனைவரும் ஓரினமே என்பதை இன்றைய அறிவியல் ஐயத்திற்கு இடமின்றி நிறுவியுள்ளது. மீனை நாட்கணக்கில் பார்க்கச் சொன்ன ஆசிரியர், மனிதனை ஒருமுறை பார்த்தே முடிவு கட்டிவிட்டார். பல்லைக்கொண்டு மீனை அறிந்தவர், தோலைக்கொண்டு மனிதரை அளந்தார். முன்னது அறிவு, பின்னது அறிவின்மை. அவர் பணியாற்றிய நியூஷாடெல் நகரம், அவர் பெயர் தாங்கிய இடம் ஒன்றின் பெயரை மாற்ற 2018ஆம் ஆண்டில் முடிவு செய்தது. ஆப்பிரிக்கத் தாய்க்குப் பிறந்து, 1971ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற்பெண்டிருள் ஒருவராகிய தீலோ பிரை அம்மையாரின் பெயர் அவ்விடத்திற்குச் சூட்டப்பெற்றது.

மீனைப் பற்றிய அவர் முடிவுகளும் எல்லாம் நிலைத்தன அல்ல. இங்கிலாந்தின் ஆஸ்ட் என்னும் செங்குத்துப் பாறையில் கிடைத்த தட்டைப் பற்களுக்கு, கொம்புப்பல் எனப் பொருள்படும் செரடோடசு என்று பெயரிட்டு, அவற்றைச் சுறாக்களோடு சேர்த்து வைத்தார் அகாசி. முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1870ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து ஆறுகளில் வாழும் ஒரு மீனைக் கிரெப்டு என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அதன் வாயில் அதே வகைப் பற்கள் இருக்கக் கண்டார். அது சுறா அன்று. நுரையீரலாலும் மூச்சுவிடும் மீன். கல்லில் மட்டுமே உண்டு எனக் கருதிய பல்லுக்கு உரிய இனம், அகாசியின் காலத்திலேயே உயிருடன் நீந்திக்கொண்டிருந்தது. ஆயினும், பல்லின் வடிவை அவர் அத்துணைத் துல்லியமாக வரைந்து விளக்கி வைத்தமையால் அல்லவோ உண்மையைப் பிறர் காண முடிந்தது! கண்டதைக் கண்டவாறே பதிவு செய்தவன் முடிவில் பிழைத்தாலும், அவன் பதிவு பிறருக்கு ஒளி தரும். காணாமலே முடிவு கட்டியவன் எழுத்து இருளையே தரும்.

இறுதி நாட்கள்

முதுமையிலும் அகாசியின் ஊக்கம் தளரவில்லை. 1865ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிற்குப் பயணம் மேற்கொண்டு, இளமையில் தாம் தாளில் ஆராய்ந்த அமேசான் ஆற்று மீன்களை நேரிற் கண்டார். 1873ஆம் ஆண்டு கோடையில் பெனிக்கீசு என்னும் சிறு தீவில், ஆசிரியர்களுக்கு இயற்கையை நேரிற் கண்டு கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அங்குக் கல்வி பயின்றனர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 14ஆம் நாள் அவர் காலமானார். அவர் தங்கி ஆராய்ந்த ஆர் பனியாற்றின் பாறை ஒன்று கடல் கடந்து கொணரப்பெற்று, அவர் கல்லறையின்மேல் நடப்பட்டது. அவர்தம் மைந்தர் அலெக்சாண்டரும் பெயர்பெற்ற கடலாராய்ச்சியாளராகித் தந்தையார் நிறுவிய அருங்காட்சியகத்தை வளர்த்தார்.

செதிள்களைக்கொண்டு மீன்களை நான்காக வகுத்த அகாசியின் பாகுபாடு இன்று கைவிடப்பட்டது. ஆனால், அவர் இட்ட பெயர்கள் பல இன்றும் வழங்குகின்றன. அவர் வரைவித்த படங்களை அறிஞர் இன்றும் எடுத்து நோக்குகின்றனர். அவர் மாணவர்க்குச் சொன்ன அறிவுரை, பொருளை உற்று நோக்கு. பின்னும் நோக்கு என்பதே. அவர் வென்ற இடமெல்லாம் அவ்வறிவுரையைத் தாமே பின்பற்றிய இடங்கள். வீழ்ந்த இடமோ அதனை மறந்த இடம். கற்போர் அவருடைய உழைப்பையும் கூர்ந்த நோக்கையும் கைக்கொண்டு, மனிதரை அளக்குங்கால் அவர் மறந்த பொறுமையையும் அன்பையும் மறவாது போற்றுவாராக.